அளவைக் கருவியின் விளக்கும் வாய்மையும்

சாரற்காலத்தில் குற்றாலம் செல்வோர் அருவியை அணுகுமுன் செய்வதொன்று உண்டு. தலை நிமிர்ந்து, பேரருவியின் நீர் பாதுகாப்பு வளைவுக்கு உட்பட்டு விழுகின்றதா, அன்றி அதனைக் கடந்து கொட்டுகின்றதா என்று நோக்குவர். உட்பட்டு விழின் குளிக்கலாம். கடந்து கொட்டின் காவலர் தடுத்து நிறுத்துவர். எழுத்தறியாதாரும் படிக்கத்தக்க அளவுகோல் அவ்வளைவு. அதற்கு மின்சாரம் வேண்டா. பழுது பார்ப்பாரும் வேண்டா. நீரே அதன் முள்ளாகவும் விளக்காகவும் நிற்றலின், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

இந்நாளிலோ அளக்கும் தொழிலை மின்னணுக் கருவிகள் மேற்கொண்டுவிட்டன. அணையின் நீர்மட்டமும், மலைமேற் பெய்யும் மழையும், தென்காசியைச் சூழ நிற்கும் காற்றாலைகளின் அதிர்வும், நம் இல்லத்தில் செலவாகும் மின்சாரமும் அவற்றால் அளக்கப்படுகின்றன. தொழிற்சாலையார் மாட்யூல் என வழங்கும் இவ்வளவைப் பெட்டிகளின் முகப்பில் கடுகினும் சற்றே பெரியதொரு விளக்கு அமைந்திருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் மாறும், நிலைத்து எரியும், விட்டுவிட்டு மின்னும். எந்நிலையில் எந்நிறம் எவ்வாறு எரிதல் வேண்டும் என்பதைப் பெட்டியை நிறுவுவோரே பல கருவிகளில் அமைத்துக் கொள்ளலாம். இவ்வமைப்பைப் பற்றியே ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன். கடுகளவு விளக்குக்கு ஒரு கட்டுரையா என நகைப்போரும் இருக்கலாம். அன்னோர் இறுதிவரை படித்து, அதன்பின் நகைப்பாராக.

முதலில், கருவி விளக்குகள் இருவகைப்படும் என்பதை உணர்தல் வேண்டும். நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்னணு மீட்டரை நோக்குங்கள். அதன் முகப்பில் ஒரு சிவப்பு விளக்குத் துடிக்கும். ஒரு யூனிட்டுக்கு இத்துணைத் துடிப்பு என்ற எண்ணும் அருகே பொறிக்கப்பட்டிருக்கும். பலவற்றில் அவ்வெண் 3200. 1000 வாட் கொண்ட வெந்நீர்க் கருவி மட்டும் இயங்குமாயின், அவ்விளக்கு ஒரு மணி நேரத்தில் 3200 முறையும், ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 53 முறையும் துடிக்கும். கையில் கடிகாரம் உடைய மாணாக்கர் எவரும் எண்ணிப் பார்த்துத் தம் வீட்டு மீட்டரைத் தாமே சோதித்துக் கொள்ளலாம். அளக்கப்படும் பொருளே அவ்விளக்கைத் துடிக்கச் செய்கின்றது. எனவே அது குற்றால வளைவின் இனத்தைச் சேர்ந்தது.

மற்றொரு வகை, பெட்டிக்கு மின்சாரம் வந்தவுடன் பச்சையாக எரியத் தொடங்குவது. அது கூறுவதெல்லாம், "எனக்கு உணவு கிடைத்தது" என்பதொன்றே. தான் உழைப்பதாக அது கூறவில்லை. உண்மை உரைப்பதாகவும் கூறவில்லை. ஆயினும் காண்போர் அப்பச்சையைக் கண்டு, "கருவி நலம், ஆதலின் கணக்கும் சரி" எனத் தாமே பொருள் விரித்துக் கொள்கின்றனர். கேடு பிறப்பது இவ்விடத்தேதான்.

மலைமேல் வைக்கும் மழைமானியை எண்ணிப் பாருங்கள். இந்நாளில் வழங்கும் ஒருவகை மழைமானியில், புனல் வழியே இறங்கும் நீர் ஒரு சிறு தொட்டியில் நிறையும். நிறைந்ததும் தொட்டி சாயும். சாயுந்தோறும் ஒரு துடிப்பு அளவைப் பெட்டிக்குச் செல்லும். இனி, உதிர்ந்த இலையொன்று புனலின் வாயை அடைத்துவிட்டதெனக் கொள்வோம். வானம் பிளந்து கொட்டினும் தொட்டி சாயாது, துடிப்பும் வாராது. பெட்டி "மழை சுழி" என்று எழுதும். அதன் விளக்கோ பச்சையாகவே ஒளிரும். மழையில்லாமை வேறு, மழையை அறியாமை வேறு. இவ்விரண்டுக்கும் ஒரே பச்சையை அமைத்தவன் கருவிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் ஆகின்றான்.

நம் பக்கத்தில் இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. குற்றால மலையின் சரிவு செங்குத்தானது. கீழே வெயில் காயும்போதே மேலே மழை பொழிவதுண்டு. மேலிருந்து இறங்கும் நீர் பொங்குமாங்கடலில் தங்கிக் குதித்து அடிவாரம் சேர நெடுநேரம் ஆகாது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள், சாரற்காலம் தொடங்குமுன்னரே, பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகியது. குளித்துக் கொண்டிருந்தோர் சிதறி ஓடினர்; பதினேழே வயதான மாணவன் ஒருவன் வெள்ளத்தில் இழுக்கப்பட்டு மாண்டான். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரின் வயதினன் அவன். மலைமேல் உணர்கருவியும், அடிவாரத்தில் விளக்கும் ஊதொலியும் வைத்தல் வேண்டும் என இத்தகைய துயரத்தின்பின் பலரும் விரும்புவது இயல்பே. யானும் விரும்புகின்றேன். ஆயின், விளக்கு வைப்பதற்கு முன்னர், அவ்விளக்கு எதனைச் சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

விளக்கின் பொருளை ஆராயாமல் அமைத்ததனால் விளைந்த கேட்டுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்டு என்னுமிடத்தில் அணுமின் நிலையம் ஒன்று இருந்தது. 1979-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் விடியற்காலையில், அங்கே அழுத்தத்தைத் தணிப்பதற்காகத் திறந்த ஓர் அடைப்பிதழ் மீண்டும் மூடாமல் சிக்கிக் கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ அது மூடிக்கொண்டதுபோற் காட்டிற்று. ஏனெனில் அவ்விளக்கு அடைப்பிதழின் நிலையோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. அதனை மூடுமாறு செல்லும் மின் கட்டளையோடு இணைக்கப்பட்டிருந்தது. கட்டளை போயிற்று என்பதை, காரியம் முடிந்தது என அங்கிருந்தோர் படித்தனர். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் குளிர்நீர் வெளியேறிக் கொண்டேயிருந்தது. உலையின் உட்கருவில் ஏறக்குறைய பாதி உருகிப்போயிற்று. விளக்குப் பழுதுபடவில்லை; தனக்குக் கற்பித்ததை அது செவ்வனே சொல்லிற்று. கற்பித்ததே பிழை.

இதனோடு நம் சீமையின் வழக்கொன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருச்செந்தூரில் பூசை முடிந்ததும் மணி ஒலிக்க, வழிநெடுக இருந்த மண்டபங்களின் மணிகள் அதனை வாங்கி ஒலித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்கு எட்டச் செய்தன என்றும், அதன் பின்னரே கட்டபொம்மன் உணவு கொண்டான் என்றும் செவிவழியாகக் கூறுவர். அம்மணி, பூசை செய்யுமாறு ஆணை பிறந்தது என்பதற்காக ஒலிக்கவில்லை. பூசை நிகழ்ந்தது என்பதற்காகவே ஒலித்தது. இடையில் ஒரு மண்டபத்து மணி அறுந்து வீழ்ந்தாலும் தீங்கில்லை. ஒலி வாராமையால் உணவு தாழ்க்குமேயன்றிப் பூசைக்கு முன் உண்ணும் பிழை நேராது. நிகழ்ந்ததையே அறிவித்தல், அறிவிப்பு நின்றால் காத்திருத்தல் என்னும் இவ்விரண்டும் நான் கூறவந்த முறையின் இரு தூண்கள்.

இவற்றுள் இரண்டாவதை நெடுங்காலமாகக் கைக்கொண்டவர்கள் இருப்புப்பாதைத் துறையினர். 1872-ஆம் ஆண்டில் வில்லியம் ராபின்சன் என்பார் அமெரிக்காவில் ஒரு முறையைக் கண்டார். தண்டவாளத்தின் வழியே சிறு மின்னோட்டம் எப்பொழுதும் ஓடிக்கொண்டிருக்கும். அஃது ஓடும்வரையில்தான் வழி திறந்திருப்பதாகக் கைகாட்டி சொல்லும். வண்டி வந்தால் மின்னோட்டம் கைகாட்டிக்குச் செல்லாது நின்றுவிடும். கம்பி அறுந்தாலும் நிற்கும். மின்கலம் தீர்ந்தாலும் நிற்கும். நின்றவுடன் சிவப்பு வரும். ஆகவே, பழுது எதுவாயினும் அது அபாயம் என்றே தோன்றும். நலம் என்று ஒருபோதும் தோன்றாது. 1904-இல் திறக்கப்பெற்று, 2018-இல் அகலப்பாதையாக முற்றுப்பெற்ற செங்கோட்டை–புனலூர்த் தடத்தில் மலைக் குகைகளூடே அச்சமின்றிச் செல்கின்றோம். நலத்தை மெய்ப்பித்த பின்னரே வழிவிடுதல் என்னும் ஒழுக்கமே இருப்புப்பாதைக் கைகாட்டிகளுக்கு அடிப்படையாகும்.

அளவைக் கருவித் துறையினரும் இதனை அறியாதாரல்லர். உணர்கருவியிலிருந்து பெட்டிக்கு வரும் மின்னோட்டத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையில் அமைப்பது அவர்தம் மரபு. அளவு சுழியாயின் 4, முழுமையாயின் 20. சுழிக்கு ஏன் 4 என்று மாணாக்கர் வினவுவர். சுழிக்குச் சுழியையே வைத்திருப்பின், நீர்மட்டம் இல்லை என்பதும் கம்பி அறுந்தது என்பதும் ஒன்றாகத் தோன்றும். 4 வைத்தமையால், மின்னோட்டம் அறவே நின்றால் கம்பி அறுந்தது என உடனே தெரியும். ஐரோப்பியத் தொழில்துறையாரின் நாமூர் என்னும் கழகம், 3.6-க்குக் கீழும் 21-க்கு மேலும் செல்வதைப் பழுதின் அடையாளமாகக் கொள்க என வகுத்துள்ளது. கம்பியினுள் இத்துணை நேர்மையை வைத்த நாம், முகப்பு விளக்கில் மட்டும் அதனைக் கைவிடுவது முறையாகுமா?

இனி, அருவியடியில் விளக்கு அமைப்பதாயின் எவ்வாறு அமைத்தல் தகும் என்பதைக் கூறுவேன்.

பெரும்பாலோர்க்கு முதலில் தோன்றும் அமைப்பு, வெள்ளம் வருங்கால் சிவப்பு விளக்கு எரிதல் வேண்டும், ஏனைக் காலத்தில் அணைந்திருத்தல் வேண்டும் என்பது. இவ்வமைப்பை யான் அறவே மறுக்கின்றேன். பெருமழையும் சூறைக்காற்றும் வருங்காலத்திலன்றோ மின்கம்பம் சாய்வதும் மின்சாரம் நிற்பதும்? எப்பொழுது விளக்கு மிகவும் வேண்டப்படுமோ, அப்பொழுதே அது இருண்டு கிடக்கும். இருளைக் கண்டோர் நலமென எண்ணி நீரில் இறங்குவர். இதற்கு மாறாகப் பச்சை எரிந்தால் மட்டுமே குளிக்கலாம் என அமைப்பின், மின்சாரம் நின்றாலும், விளக்கே உடைந்தாலும், கம்பியைக் குரங்கு அறுத்தாலும் இருளே வாயிலை அடைத்துவிடும். பெட்டியினுள்ளும் நலமான காலத்தில் ரிலே இழுபட்டு நின்று, பழுதுற்றபோது தானே விடுபடுமாறு அமைத்தல் வேண்டும்.

அடுத்து, அப்பச்சையும் எளிதில் எரிதலாகாது. உணர்கருவியின் கம்பி அறாதிருத்தல், புதிய அளவு உரிய நேரத்தில் வந்து சேர்தல், அவ்வளவு எல்லைக்குட்பட்டிருத்தல் ஆகிய மூன்றும் கூடிய பின்னரே அது எரிதல் வேண்டும். ஐந்து நிமிடங்களாக ஒரே எண் மாறாது நிற்குமாயின் கருவி உறங்கிவிட்டதோ என ஐயுற்று மஞ்சள் காட்டல் வேண்டும். மழைமானிக்கும் நீர்மட்டக் கருவிக்கும் முரண் தோன்றின், ஆறு பெருகவும் மழை சுழி என்று வருமாயின், அப்பொழுதும் மஞ்சளே. சிவப்பு அபாயத்தையும், பச்சை நலத்தையும், மஞ்சள் இயல்பு திரிந்த நிலையையும் குறித்தல் வேண்டும் என ஐ.இ.சி. 60073 என்னும் உலகப் பொது நெறியும் கூறுகின்றது. மஞ்சள் விளக்கின் பொருளை யான் தமிழில் இவ்வாறு பெயர்ப்பேன்: "யான் அறியேன், என்னை நம்பி இறங்காதீர்."

நீர்மட்டம் எல்லைக்கோட்டை ஒட்டியே அலையுங்கால், விளக்குச் சிவப்பும் பச்சையுமாக மாறிமாறித் தடுமாறும். இதனைத் தவிர்க்கச் சிவப்பு வரும் மட்டத்தினும் சற்றுத் தாழ்வான மட்டத்துக்கு நீர் இறங்கிய பின்னரே பச்சை மீளுமாறு இரண்டு எல்லைகள் வைத்தல் தகும். ஒருமுறை வந்த சிவப்பு, பொறுப்புடையார் ஒருவர் நேரிற் கண்டு ஒப்புக்கொள்ளும்வரை நிற்றலும் நன்று.

நிறத்தை மட்டும் நம்புதலும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய மாட்டாத கண்ணுடையோர் ஆடவருள் நூற்றுக்குச் சிலர் எந்நாட்டிலும் உளர். ஸ்வீடனில் 1875-இல் லாகர்லுண்டா என்னுமிடத்தில் நேர்ந்த இரயில் விபத்தையொட்டி, ஹோல்ம்கிரென் என்னும் உடலியல் அறிஞர் நிறக்கம்பளி நூல்களைக் கொண்டு ஊழியரின் கண்ணைச் சோதிக்கும் முறையைப் பரப்பினார். அருவிக்கு வருவோரையெல்லாம் அங்ஙனம் சோதித்தல் இயலுமோ? ஆதலின் நிறத்தோடு இடமும் நடையும் வேறுபடல் வேண்டும். மேலே உள்ளது சிவப்பு, கீழே உள்ளது பச்சை. நிலைத்தெரிவது நலம், விரைந்து மின்னுவது அபாயம். தமிழில் செம்மை என்னும் சொல் நிறத்தையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். குங்குமத்தைக் கண்டு எவரும் அஞ்சி ஓடுவதில்லை. நிறத்தின் பொருள் பிறப்பில் அமைந்ததன்று, உடன்பாட்டில் அமைந்தது. அவ்வுடன்பாட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி விளக்கின் அருகே நிறுத்துதல் வேண்டும். கேரளத்திலிருந்து வருவோர் குற்றாலத்திற் பலர்.

இதற்கு மறுப்புரைப்பார் உளர். அவர்தம் சொல்லும் புறந்தள்ளத்தக்கதன்று. "ஐயம் தோன்றுந்தோறும் மஞ்சளும் சிவப்பும் காட்டினால், புலி வருகிறது என்று கூவிய சிறுவன் கதையாய் முடியும், மக்கள் விளக்கையே மதியார். அன்றியும், சாரல் மூன்று மாதத்தை நம்பிக் கடை வைத்திருப்போர், பழக்கூடை சுமப்போர், எண்ணெய் தேய்த்துவிடுவோர் ஆகியோர் பிழைப்பு என்னாவது?" என அவர் வினவுவர். வீண் தடை ஒவ்வொன்றும் ஓர் ஏழையின் அன்றைய கூலி என்பதை யான் மறவேன். ஆயின், வீண் தடைக்கு மருந்து, பழுதுற்ற கருவியைப் பச்சையாக நடிக்கவிடுதல் அன்று. கருவியைப் பழுதின்றிப் பேணுதலே. மஞ்சள் எரிந்தால் எவர் எத்துணை நேரத்தில் சென்று பார்த்தல் வேண்டும் என்பது வரையறுக்கப்படின், மஞ்சள் நெடிது நில்லாது. பச்சையாக நடிக்கும் கருவியைத் தேடி எவரும் மலையேறுவதில்லை; மஞ்சளாக முறையிடும் கருவியைத் தேடியே ஏறுவர். மேலும், ஒரு பொய்ப் பச்சையால் ஓருயிர் போயின், பின்னர் அருவி எத்துணை நாள் அடைபடும் என்பதைக் கடைக்காரரே நன்கறிவர்.

இறுதியாக ஒன்று. பெரும்பாலான அளவைப் பெட்டிகளின் விளக்கு, தொழிற்சாலையில் எவ்வாறு அமைத்து அனுப்பினரோ அவ்வாறே விடப்படுகின்றது. எங்கோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வேலைக்கென வகுத்த அமைப்பு, குற்றால மலைக்குப் பொருந்துமா என எவரும் வினவுவதில்லை. எந்நிறம் எந்நிலைக்கு, எல்லை எவ்வளவு, அமைத்தவர் யார், சோதித்த நாள் எது என்பவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் வேண்டும். சோதனையும் அரிதன்று. புனல்வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டராயின், 200 மில்லி லிட்டர் நீரை மெல்ல ஊற்றினால் அது 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். தொட்டி ஒவ்வொரு சாய்வுக்கும் அரை மில்லிமீட்டர் காட்டுவதாயின் 20 முறை சாய்தல் வேண்டும். ஒரு குவளை நீரும் எண்ணத் தெரிந்த ஒரு மாணவனும் இதற்குப் போதும். ஆண்டுதோறும் சாரலுக்கு முன், மே மாதத் தொடக்கத்திலேயே, பொறுப்புடைய துறையினரின் இசைவு பெற்று நம் இயற்பியல் மாணாக்கர் இத்தொண்டில் துணைநிற்கலாகாதா? ஆய்வுச்சாலையில் கம்பியைக் கழற்றி, விளக்கு என்ன சொல்லுகின்றது எனப் பார்ப்பதை ஒரு பாடமாகவே வைக்கலாகாதா? கருவி இயங்குவதைக் காட்டும் பாடங்கள் பல உள. அது பழுதுபடுங்கால் எவ்வாறு பேசுகின்றது எனக் காட்டும் பாடம் ஒன்றேனும் வேண்டும்.

வள்ளுவர் பொய்யாமையையே சான்றோர்க்கு விளக்காக வைத்தார். விளக்கை மரக்காலால் மூடாது தண்டின்மேல் வைத்தல் வேண்டும் என்னும் திருமறையின் உவமையை நம் கல்லூரிச் சிற்றாலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். தண்டின்மேல் வைத்த விளக்குப் பொய்யுரைக்குமாயின், மூடிய விளக்கினும் அது கொடிதன்றோ? அறியாததை அறிந்ததாகக் காட்டாமை மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் மட்டுமன்று, நாம் அமைக்கும் கருவிக்கும் உரிய ஒழுக்கம். அருவியடியில் நிற்கும் தாய், தன் மகனை நீரில் இறங்கவிடுமுன் அவ்விளக்கை ஒருமுறை நோக்குவாள். அவள் பச்சையைக் கண்டு தலையசைக்குங்கால், அப்பச்சை மெய்யாயிருத்தல் வேண்டும்.